கம்பிக்கதவுக்கு வெளியே ஒரு திண்ணை

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலில் ஆறடிக் கழி ஒன்றை நட்டு வைத்துவிட்டு மணிக்கொரு தரம் அதன் நிழலை அளந்தேன். மூன்று மணிக்கு ஐந்தடி. நான்கு மணிக்கு எட்டரை அடி. ஐந்து மணிக்கு டேப்பைப் பிடிக்க மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது, பதினாறு அடியைத் தாண்டிவிட்டது. எங்கள் வீடு மேற்கு பார்த்தது. சித்திரை வெயில் சாயங்காலத்தில் வளையாமல் நேரே வாசலுக்குள் வரும். இந்த மூன்று அளவுகளை வைத்துத்தான் எங்கள் திண்ணையின் கூரையை முடிவு செய்தேன்.

நான் காரைக்குடியில் ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவன். பத்தொன்பது வருஷமாக இதுதான் வேலை. வருகிறவர்கள் எல்லாரும் முன்பக்கத்துக்குக் கேட்பது ஒன்றுதான்: கார் நிற்க ஒரு போர்ட்டிகோ, அதைச் சுற்றிக் கம்பி, கம்பிக்கு ஒரு பூட்டு. நானும் போட்டுக் கொடுத்திருக்கிறேன், நூற்றுக்கணக்கில். குன்றக்குடி போகிற பாதையில் இருக்கிற எங்கள் வீட்டிலும் நாலடி அகலத்தில் ஒரு சிட் அவுட், அதற்கு முன்னால் கம்பிக்கதவு. உள்ளே நாற்காலி போட்டால் கதவைத் திறக்க முடியாது. ஆத்தா வெயில் தாழ்ந்ததும் அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நிற்கும். ஒருநாள் கீரை விற்கிற அம்மா வெளியே நின்று, ஆத்தா உள்ளே நின்று, கம்பி வழியாகவே ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்ததை வேலை முடிந்து வந்த நான் தெருவில் நின்று பார்த்தேன். இரண்டு பேருக்கும் கால் வலி. இரண்டு பேருக்கும் உட்கார இடமில்லை. அன்றைக்கு ராத்திரியே பேப்பரை விரித்துவிட்டேன்.

செட்டிநாட்டுக்காரர்களுக்குத் திண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ தேவகோட்டையிலோ ஒரு பெரிய வீட்டின் முன் நின்றால் முதலில் கண்ணில் படுவது முகப்பும் அதன் இருபுறத் திண்ணையும்தான். அதற்கப்புறம்தான் வளவு என்கிற முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வீடு அடுத்த தெரு வரைக்கும் போகும். என் அப்பா அப்படி ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தார். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக அவரைக் கூப்பிடப் போனால் அந்தத் திண்ணையில்தான் காத்திருப்போம். உச்சி வெயிலில் போனாலும் தரை குளுகுளுவென்று இருக்கும். யாரும் எழுந்திரு என்று சொன்னதில்லை. வழிப்போக்கர், தபால்காரர், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர், யார் வேண்டுமானாலும் கேட்காமல் உட்காரலாம். வீட்டின் பூட்டு அவர்களுக்குப் பின்னால் இருந்தது.

இதுதான் நான் வரைய நினைத்தது. பூட்டைத் திண்ணைக்குப் பின்னால் தள்ள வேண்டும்.

வீட்டில் இதற்கு லேசில் சம்மதம் கிடைக்கவில்லை. “என்னங்க, ராத்திரியில குடிச்சுட்டு எவனாவது வந்து படுத்துக்கிட்டா என்ன பண்றது?” என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. நான் வேலை முடிந்து வர எட்டு மணி ஆகும், அதுவரை வீட்டில் பெண்கள்தான். மூன்று நாள் பேசினோம். கடைசியில், அகலமான திண்ணையைப் படுக்கையறை ஜன்னல் ஓரமாகப் போடுவது, உள்ளேயிருந்தே போடுகிற மாதிரி ஒரு பெரிய விளக்கு வைப்பது, வீட்டு நிலைக்கதவுக்கு முன்னால் கனமான கம்பிக்கதவு ஒன்று புதிதாகச் செய்வது என்று முடிவானது. முன்பக்கம் காம்பவுண்டு சுவர் வேண்டாம் என்றும் ஒத்துக்கொண்டாள். விளக்கு அவள் யோசனை. அது இல்லாவிட்டால் இந்தத் திண்ணை இவ்வளவு நன்றாக அமைந்திருக்காது.

இனி அளவு. நீளம் பதினெட்டு அடி, அகலம் ஏழடி. நடுவில் நாலடி வழி. வழிக்கு இடப்பக்கம் எட்டடி நீளத்துக்கு மூன்றடி அகலத் திண்ணை, ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். வலப்பக்கம் ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம், அது உட்கார மட்டும். இரண்டையும் ஒரே மாதிரி போட வேண்டும் என்று கொத்தனார் ஆசைப்பட்டார். எனக்கு வலப்பக்கத்தில் ஸ்கூட்டர் நிற்க வேண்டும். திண்ணைகள் சுவரை ஒட்டி இருக்க, அதற்கு முன்னால் நடக்கிற தரை, அதன் விளிம்பில் தூண்கள்.

உயரத்துக்குப் பழைய வீடுகளைப் பார்த்துப் பயனில்லை. அங்கே சில திண்ணைகள் இடுப்புக்கு மேல் இருக்கும், ஏறி உட்கார வேண்டும். ஆத்தாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அதனால் வாசலில் செங்கல்லை அடுக்கி, மேலே ஒன்றரை அங்குலப் பலகை போட்டு, ஆத்தாவையே உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னேன். ஐந்து வரிசைச் செங்கல், பலகையோடு பதினாறரை அங்குலம். உட்கார்ந்துவிட்டது, ஆனால் எழுந்திருக்கும்போது இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி முகத்தைச் சுளித்தது. ஆறு வரிசை வைத்தேன், பத்தொன்பதரை அங்குலம். கையை ஊன்றாமல் எழுந்து நின்றது. நின்றுவிட்டு, “இது தேவலை அய்யா, இதையே வச்சிரு” என்றது. வரைபடத்தில் பதினெட்டு என்று எழுதியிருந்ததை அங்கேயே அடித்துப் பத்தொன்பதரை என்று போட்டேன். இத்தனை வருஷத்தில் யாருடைய முழங்காலையும் கேட்டு நான் ஓர் அளவு எழுதியதில்லை. இனிமேல் கேட்பேன்.

இடப்பக்கத் திண்ணையின் தலைமாட்டில் சுவரோரமாகச் சாய்வாக ஒரு திண்டும் கட்டச் சொன்னேன். தலையணை இல்லாமலேயே படுக்கிற மாதிரி சிமெண்டிலேயே எழுப்புகிற திண்டு. இப்போது யாரும் கேட்பதில்லையாம், கொத்தனார் தன் அப்பா கட்டிப் பார்த்த ஞாபகத்தில் கட்டினார். முதல் தரம் சாய்வு அதிகமாகி கழுத்து வலித்தது. அவரே அதில் படுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கொத்தி எடுத்துத் திரும்பக் கட்டினார்.

கூரைக்கு வருகிறேன். கழி சொன்ன கணக்கு இது: நான்கு மணிக்கு ஆறடி உயரத்துக்கு எட்டரை அடி நிழல் என்றால், கூரை விளிம்பு நடக்கிற தளத்திலிருந்து ஆறடி உயரத்திலும் சுவரிலிருந்து எட்டரை அடி தள்ளியும் இருந்தால் நான்கு மணி வெயில் சுவரின் அடியை நோக்கித்தான் இறங்கும், திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் காலில் படலாம், முகத்தில் படாது. அதனால் தளம் ஏழடி, அதைத் தாண்டி ஒன்றரை அடி ஓட்டு இறக்கம். சுவரில் பத்தடியில் தொடங்கி விளிம்பில் ஆறடிக்கு இறங்குகிற ஒரு பக்கச் சரிவு. மங்களூர் ஓட்டுக்கு இந்தச் சரிவு போதும், தண்ணீர் தேங்காது.

“ஆறடியா? ஆளு குனிஞ்சுல்ல தம்பி வரணும்” என்றார் கொத்தனார். விளிம்புக்கு நேர் கீழே இருப்பது தளம் இல்லை அண்ணே, தரை, அது ஒன்றரை அடி பள்ளம், அங்கே நிற்கிறவருக்கு ஏழரை அடி இருக்கிறது என்று சொன்னேன். நம்பவில்லை. இரண்டு சவுக்குக் கம்பை நட்டுக் குறுக்கே கயிறு கட்டிக் காட்டினேன். அவரே உள்ளேயும் வெளியேயும் நடந்து பார்த்துவிட்டு, சரி என்றார்.

ஐந்து மணி வெயிலைக் கூரை தடுக்காது. பதினாறு அடி நிழலுக்கு எந்தக் கூரையும் ஈடு கொடுக்க முடியாது. அதற்கு மூங்கில் தட்டிதான். சுருட்டி மேலே கட்டுகிற மாதிரி மூன்று தட்டிகள், கோடையில் நான்கரை மணிக்கு இறக்கி ஆறு மணிக்கு ஏற்றினால் போதும். மேற்கு பார்த்த வீட்டுக்குத் திண்ணை சரிப்படாது என்று சொல்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். சரிப்படும். கூரையைத் தாழ்த்துங்கள், தட்டிக்குக் கொக்கி வையுங்கள்.

அஸ்திவாரத்துக்கு அதிகம் சிரமப்படவில்லை, இரண்டடியிலேயே செம்புராங்கல் வந்துவிட்டது. ஒன்று மட்டும் கவனித்தேன். பழைய வீட்டுச் சுவரைக் கொத்திப் புதிய கட்டுமானத்தை அதோடு கோர்க்கக் கூடாது. வீடு இருபது வருஷத்துக்கு முன்பே உட்கார வேண்டிய அளவுக்கு உட்கார்ந்துவிட்டது. புதிய அஸ்திவாரம் இனிமேல்தான் கொஞ்சம் இறங்கும். இரண்டையும் கோர்த்துவிட்டால் அது இறங்கும்போது சந்திக்கிற இடம் விரிசல் விடும். அரை அங்குலம் இடைவெளி விட்டு அதில் தெர்மாகோல் வைத்தோம், மேலே தரை போடும்போதும் அந்தக் கோட்டை மறைக்கவில்லை.

தூணுக்காகக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனேன். பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கிற தெரு. இடிக்கப்பட்ட வீடுகளின் நிலைகளும் தூண்களும் கதவுகளும் எனாமல் பாத்திரங்களும் அங்கேதான் வந்து சேருகின்றன. வேலை விஷயமாகப் பலமுறை போயிருக்கிறேன். வீட்டுக்காக வாங்கப் போனது இதுதான் முதல் தடவை, மனசு கனத்தது. பர்மாவில் தொழில் நடந்த காலத்தில் கப்பலில் வந்த தேக்கு. 1942-இல் ஜப்பான் படை அங்கே நுழைந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பியவர்களின் கதை இந்தப் பக்கம் ஏராளம். வந்த மரம் நின்றது. இப்போது பங்காளிகளுக்குள் பிரிக்க முடியாமல் வீடுகள் இறங்கும்போது அதுவும் இறங்குகிறது.

கடையில் ஓரமாக இரண்டு தூண்கள் கிடந்தன. வேலைப்பாடு அதிகமில்லை. ஒன்றைப் புரட்டியபோது ஒரு பக்கத்தில் மட்டும் கீழிருந்து மூன்றடி உயரத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்து வழவழவென்று இருந்தது. திண்ணையில் நின்ற தூண், அதில் சாய்ந்து உட்கார்ந்தவர்களின் தலை எண்ணெய் ஏறி ஏறி வந்த கறுப்பு அது. கைவைத்துப் பார்த்தேன், பித்தளை மாதிரி சில்லென்று இருந்தது. எத்தனை பேர், எத்தனை வருஷம் சாய்ந்திருந்தால் தேக்கு இப்படி ஆகும்! அந்த இரண்டையும் வாங்கிவிட்டேன்.

ஆசாரி அடிப்பக்கத்தில் உளுத்திருந்த ஒன்பது அங்குலத்தை அறுத்து எடுத்தார். மரத்தூண் நேராகத் தரையில் நிற்கக் கூடாது, ஈரமும் கறையானும் அடியிலிருந்துதான் ஏறும். அதனால் ஒன்பது அங்குல உயரத்துக்குக் கருங்கல்லில் பாதம் வைத்து, நடுவில் கம்பி முளை அடித்து அதன் மேல் தூணை நிறுத்தினார். வெட்டின ஒன்பதும் கல் பாதத்தின் ஒன்பதும் சரியாகிப்போனதால் அந்தக் கறுப்புத் தடம் பழைய உயரத்திலேயே நின்றுவிட்டது. இது நான் திட்டமிட்டதில்லை. நிறுத்திய பிறகுதான் கவனித்தேன். தேய்த்துப் பாலிஷ் போட்டுவிடலாம் என்று ஆசாரி சொன்னார். மற்ற பக்கங்களுக்குப் போடுங்கள், அந்த இடத்தைத் தொடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். இப்போது அது உள்பக்கம் பார்த்து நிற்கிறது. ஓரத்துத் தூண்கள் இரண்டும் சாதாரணக் கல்தூண்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல். பக்கத்து ஊர்தான் என்றாலும் செய்கிற இடத்தை நின்று பார்த்தது இந்தத் தடவைதான். கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு நிறச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள், பதற்றமே இல்லாமல். அச்சை மெதுவாகத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கின்றன. மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதற்கு மேல் கலவை போட்டு வழித்துவிடுகிறார்கள். சூளை கிடையாது. காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். கண்ணாடியை உருவினால், அது பட்டிருந்த பக்கம் பளபளவென்று வருகிறது. அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது.

சாரல் விழுகிற விளிம்பில் இதைப் போடாதீர்கள் என்று அங்கே ஒரு பெரியவர் சொன்னார். வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டால் நிறம் மங்கும். அதனால் வெளி விளிம்பில் ஒன்றரை அடிக்குக் கருங்கல், உள்ளே மட்டும் ஆத்தங்குடிக் கல். பதித்த பிறகு ஆசிட் ஊற்றிக் கழுவக் கூடாது என்பதையும் கொத்தனாரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். நெல் உமி போட்டுத் தேய்த்தார்கள். இப்போது வாரம் ஒரு தரம் துடைக்கிற தண்ணீரில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய், அவ்வளவுதான்.

திண்ணை மேலே ரெட் ஆக்ஸைடு. ஒரே நாளில், நிறுத்தாமல், கரணையால் இழைத்துக்கொண்டே போக வேண்டிய வேலை. இடையில் விட்டால் ஒட்டுத் தெரியும். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்குத்தான் சாப்பிட்டார்கள். மறுநாள் விளிம்பில் பாத்தி கட்டி ஏழு நாள் தண்ணீர் நிறுத்தினோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதில் காகிதக் கப்பல் விட்டார்கள்.

நடந்த தவறையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டுக் கூரை வீட்டுச் சுவரைத் தொடுகிற இடத்துக்கு நான் தனி வரைபடம் போடவில்லை. வேலை செய்தவர்கள் கடைசி வரிசை ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் சிமெண்டை அப்பிவிட்டார்கள். ஆவணியில் சாயங்கால மழை மேற்கிலிருந்து காற்றோடு அடித்து வந்தது. பத்து நிமிஷத்தில் சுவர் வழியாகத் தண்ணீர் இறங்கித் திண்ணை முழுக்க ஓடியது. வெயிலில் ஓடு விரியும், சுருங்கும். சுவர் அப்படி அசையாது. நடுவில் இருக்கிற சிமெண்டு பிளக்கத்தான் செய்யும். அப்புறம் சுவரில் ஒன்றரை அங்குல ஆழத்துக்குக் காடி வெட்டி, அலுமினியத் தகட்டின் ஒரு விளிம்பை அதற்குள் செருகி, மறு விளிம்பை ஓட்டின் மேல் படிய மடித்துவிட்டோம். ஐப்பசி அடைமழை வந்துபோனது, ஒரு சொட்டு இறங்கவில்லை. திண்ணை கட்டுகிறவர்கள் இந்த ஒரு இடத்தை மட்டும் பேப்பரில் போட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள். விளிம்புத் தண்ணீர் தெருவில் விழாமல் குழாய் வழியாக எங்கள் மழைநீர்க் குழிக்குப் போகிறது.

மொத்தச் செலவு மூன்று லட்சத்தைத் தொட்டது, ஐந்தில் ஒரு பங்கு மரத்துக்கே போனது.

தை மாதம் பழநிக்கு நடக்கிறவர்கள் எங்கள் வழியாகத்தான் குன்றக்குடி போவார்கள். இந்த வருஷம் விடியற்காலை நாலரை மணிக்குக் கதவைத் திறந்தபோது இடப்பக்கத் திண்ணையில் வயசான ஒருவர் திண்டில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். காலடியில் இரண்டு பெண்கள் தூணில் சாய்ந்திருந்தார்கள். யாரும் எங்களைக் கேட்கவில்லை. என் மனைவி விளக்கைப் போடாமல் திரும்பிப் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். ஒரு சட்டி நிறையக் காப்பி போட்டாள்.

கீரைக்கார அம்மா இப்போது தினமும் உட்கார்ந்துதான் பேசுகிறது. போன வாரம் ஒரு குறை சொன்னது. “ஒக்கார நல்லாத்தாண்டா தம்பி இருக்கு. தலைச்சுமையை எறக்கத்தான் ஒரு ஆளு வேணும். பத்தொம்பது அங்குலத்துல எப்பிடிக் கூடைய எறக்குவேன்?” உண்மைதான். ஆத்தாவின் முழங்காலை அளந்தேன், கூடையை அளக்கவில்லை. அந்தக் காலத்தில் ரோட்டோரங்களில் சுமைதாங்கிக் கல் நின்றது இதற்காகத்தானே. தலையில் கூடையோடு நிற்கச் சொல்லி, கூடையின் அடி சரிகிற உயரத்தை அளந்தேன். நாலடி ஒன்பது அங்குலம் இருந்தால் முழங்காலை லேசாக மடித்தே பின்னால் தள்ளிவிடலாம் என்றது. வலப்பக்கக் கல்தூணுக்கு வெளியே, ஸ்கூட்டருக்கு இடைஞ்சல் இல்லாமல், இரண்டு கல்லை நட்டுக் குறுக்கே ஒரு கல் போட இடமிருக்கிறது. கொத்தனார் வியாழக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.